தலை எந்தப் பக்கம் போகிறது? ரக்பி டேக்கிளில் புதியவர்கள் செய்யும் பிழைகளும் திருத்தும் வழிகளும்

ரக்பிக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு டேக்கிளை, அதாவது பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்து வீழ்த்துவதை, சொல்லித் தரும்போது நம் வாயிலிருந்து அதிகமாக வரும் சொல் "குனி". இன்னும் குனி, கையைப் போடு, விடாதே என்று மைதானத்தின் ஓரத்திலிருந்து கத்துவோம். பிழை அப்படியே இருக்கும். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் கற்றுக்கொடுத்தேன். பிறகு செல்போனில், பக்கவாட்டிலிருந்து, ஸ்லோ மோஷனில் படம் எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். மோதும் நொடியில் நம் கண்ணுக்குத் தெரிகிற பிழை அந்த நொடியில் வருவதில்லை. இரண்டு அடிக்கு முன்பே காலிலோ கண்ணிலோ அது தொடங்கிவிடுகிறது. தோள் தப்பான இடத்தில் பட்டால், முதலில் பார்க்க வேண்டியது கால் எங்கே ஊன்றியது என்பதை.

அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பிள்ளையிடம் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்குப் போங்கள். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம். மூன்று டேக்கிள் பாருங்கள், முடிந்தால் படம் எடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். பல பிழைகளைச் சேர்த்துச் சொன்னால் பிள்ளை எதையும் கேட்காது.

எல்லாவற்றுக்கும் முன்: எப்போது நிறுத்த வேண்டும்

தலையில் அடிபட்ட பிள்ளை மெதுவாக எழுந்தாலோ, தடுமாறினாலோ, தலை வலிக்கிறது, கண் கூசுகிறது, குமட்டுகிறது என்றாலோ, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டாலோ மூளை அதிர்ச்சி இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நினைவு தப்பினால்தான் அதிர்ச்சி என்பது தவறு. பெரும்பாலும் நினைவு தப்புவதே இல்லை. சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. "பரவாயில்ல கோச், ஆடுறேன்" என்று பிள்ளை சொல்லும். அதைக் கேட்கக் கூடாது. தனியாக வீட்டுக்கும் அனுப்பக் கூடாது. பெற்றோரிடம் நேரில் சொல்லி ஒப்படைத்து, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். பிரிட்டனில் 2023இல் அடிமட்ட விளையாட்டுகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அடிபட்ட நாளிலிருந்து 21 நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்பக் கூடாது. நான் அதையே பின்பற்றுகிறேன்.

கழுத்து வலி, கை கால் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, நினைவிழப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் பிள்ளையை நகர்த்தாமல் 108ஐ அழையுங்கள். தூக்கி உட்கார வைப்பது, தண்ணீர் கொடுப்பது, கழுத்தை நீவிவிடுவது எதுவும் வேண்டாம்.

இன்னொன்று. ஸ்க்ரம் கேப் என்ற மெத்தென்ற தலைக்கவசம் போட்டிருந்தால் தலைக்கு ஒன்றும் ஆகாது என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். அது காதையும் தோலையும் சிராய்ப்பிலிருந்து காக்கும். மூளை அதிர்ச்சியைத் தடுக்காது. மவுத் கார்டு பல்லைக் காக்கும், அதை வாங்கிக் கொடுங்கள். ஆனால் தலையைக் காப்பது, தலை போகிற இடம்தான்.

சரியான டேக்கிள் எப்படி இருக்கும்

பிழையைக் கண்டுபிடிக்க, பிழை இல்லாதது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். சர்வதேச அமைப்பான வேர்ல்ட் ரக்பி, 'டேக்கிள் ரெடி' என்ற பயிற்சித் திட்டத்தில் டேக்கிளை ஐந்து கட்டமாகப் பிரித்திருக்கிறது. பின்தொடர்ந்து நெருங்குவது, உடம்பைத் தயாராக்குவது, தொடுவது, காலால் உந்துவது, முடிப்பது. இதில் தொடுவதற்கு முன்பே இரண்டு கட்டங்கள் இருப்பதைக் கவனியுங்கள். நாம் பெரும்பாலும் மூன்றாவதிலிருந்துதான் சொல்லித் தரவே தொடங்குகிறோம்.

நெருங்கும்போது நடை சிறிதாகிறது. கண் ஓடுகிறவரின் இடுப்பில் இருக்கிறது, ஏனென்றால் தலையும் தோளும் பந்தும் ஏமாற்றும், இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவார். முழங்கால் மடிகிறது, முதுகு நேராக இருக்கிறது, முகவாய் சற்று உயர்ந்திருக்கிறது. எந்தத் தோள் படப்போகிறதோ அதே பக்கத்துக் கால், ஓடுகிறவருக்கு மிக அருகே ஊன்றுகிறது. தோள் தொடையின் மேற்பகுதியில் படுகிறது, கன்னம் அவருடைய பின்புறத்தை ஒட்டுகிறது, இரு கையும் சுற்றி இறுகுகிறது, கால் நிற்காமல் உந்துகிறது. விழும்போது டேக்கிள் செய்தவர் மேலே இருக்கிறார். உடனே கையை விட்டு எழுந்துவிடுகிறார், விதியும் அதைத்தான் கேட்கிறது.

எந்தப் பிழையைத் திருத்துவதாக இருந்தாலும் ஏறும் படிகள் ஒன்றேதான். முதலில் டேக்கிள் செய்பவர் முழங்காலில், ஓடுகிறவர் நடையில். அடுத்து குந்திய நிலை. பிறகு இருவரும் நடை, மெல்லோட்டம், கடைசியாக ஓட்டம். ஒரு படியில் பிழை வந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். இறங்குவது தண்டனை இல்லை என்பதைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அறிகுறி: தலை, ஓடுகிறவரின் முன்பக்கம் போய்விடுகிறது

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற பல பிழைகளில் டேக்கிள்தான் நழுவும். இதில் தலைக்கும் கழுத்துக்கும் நேராக அடி விழும். ஓடுகிறவரின் தொடையும் முழங்காலும் முன்னே வந்து தலையில் மோதும். அதோடு முடியாது, அவர் விழும்போது, முன்னே மாட்டிக்கொண்ட தலைமீதே அவருடைய முழு எடையும் விழும். ரக்பியில் தலைக்காயங்களில் பெரும்பங்கு டேக்கிளில்தான் நடக்கிறது. அதிலும் அடிபடுவது பெரும்பாலும் பிடிக்கப்பட்டவர் இல்லை, பிடிக்கப் போனவர்.

எந்தத் தோள் என்பதற்கு ஒரே கணக்குதான். ஆள் உங்கள் வலப்பக்கமாகக் கடக்கிறார் என்றால் வலது தோள், வலது கால் முன்னே. இடப்பக்கமாக என்றால் இடது தோள், இடது கால். இப்படிப் போனால் தலை தானாகவே அவருக்குப் பின்னால் போய்விடும். தலையைத் தனியாக நகர்த்த வேண்டியதே இல்லை.

பிறகு ஏன் தப்பாகப் போகிறது? நான் பார்த்தவரை காரணம் மூன்று.

முதலாவது, பிள்ளை ஓடுகிறவருக்கு நேர் எதிரே போய் நிற்கிறது. எந்தப் பக்கம் போவார் என்று தெரியாது, எந்தத் தோள் என்றும் முடிவாகவில்லை, கடைசி நொடியில் குருட்டாம்போக்கில் பாய்கிறது. இதற்கு மருந்து நெருங்கும் கோணம். நேரே போகாமல் ஓரடி உள்பக்கம் தள்ளி, அதாவது மைதானத்தின் நடுப்பக்கமாகத் தள்ளி நெருங்கச் சொல்லுங்கள். அப்போது ஓடுகிறவருக்கு வெளிப்பக்கம் மட்டுமே வழி தெரியும். பக்கம் முடிவாகிவிட்டது, தோளும் முடிவாகிவிட்டது.

இரண்டாவது, பழகிய தோள். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளில் பலர் எல்லாவற்றுக்கும் வலது தோளையே கொண்டுபோவார்கள். ஆள் இடப்பக்கமாகக் கடந்தாலும் வலது தோள்தான். தலை நேராக முன்னே போய் மாட்டும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: ஐந்து டேக்கிள் வலப்பக்கம், ஐந்து இடப்பக்கம் செய்யச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். வராத பக்கத்துக்கு இரண்டு மடங்கு பயிற்சி கொடுங்கள்.

மூன்றாவது காரணம் நாம்தான். இதைச் சொல்லியே ஆக வேண்டும். தொடக்க காலத்தில் நான் ஒரு மாதம் முழுக்க டேக்கிள் பேக்கை, அதாவது இடித்துப் பழகும் பெரிய பையை, வைத்தே பயிற்சி கொடுத்தேன். பை அசையாது, பக்கம் மாறாது, முழங்கால் கிடையாது. பிள்ளைகள் ஓடிவந்து வலது தோளால் அடித்து அடித்து அருமையாக அடித்தார்கள். முதல் பயிற்சி ஆட்டத்தில் ஒரு பையனின் தலை முன்பக்கம் போனது. எதிரே வந்தவனின் முழங்கால் கன்னத்தில் பட்டு, கொஞ்ச நேரம் எந்த ஊரில் இருக்கிறோம் என்றுகூட அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு நன்றாகிவிட்டான். ஆனால் அந்தப் பிழையை அவனுக்குப் பழக்கியது நான். பைக்கு ஒரு பயன் உண்டு, தோளும் காலும் சேர்ந்து பழக. ஆனால் ஒரு வாரத்துக்குள் பையிலிருந்து ஆளுக்கு மாறிவிடுங்கள். பையோடு இருக்கும்போதும் இடம் வலம் மாற்றி மாற்றி வையுங்கள்.

திருத்தும் வரிசை இது. பிள்ளையை முழங்காலிட வையுங்கள். இன்னொருவர் பந்தோடு அவர் பக்கவாட்டில் நடந்து கடக்கட்டும். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "கன்னத்தைப் பின்னால் ஒட்டு." தோள், கை, பிடி என்று வேறு எதுவும் பேச வேண்டாம். பக்கத்துக்குப் பத்து முறை. அடுத்து கோன்களை இரண்டு வரிசையாக 3 மீட்டர் இடைவெளியில் வைத்து, அந்த வழியில் ஓடுகிறவர் எந்தப் பக்கம் போவார் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நடையில் செய்யுங்கள். பிறகு மெல்லோட்டம். அதற்கப்புறம்தான் பக்கத்தை ஓடுகிறவர் தீர்மானிக்கலாம். தலை ஒருமுறை முன்னே போனாலும் விசில் ஊதி ஒரு படி இறங்குங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கடைசி நொடியில் ஆள் மறுபக்கம் வெட்டிவிட்டால்? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். பாயாதே என்பதுதான் பதில். கையால் சட்டையையோ இடுப்பையோ பற்றி வேகத்தைக் குறை, முடியாவிட்டால் விட்டுவிடு. ஒரு டிரை (கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து எதிரணி எடுக்கும் புள்ளி) போனால் போகட்டும், அடுத்ததைப் பிடிக்கலாம் என்று பயிற்சியிலேயே திரும்பத் திரும்பச் சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால், போட்டியில் கூட்டம் கத்தும்போது பிள்ளை பாயும்.

அறிகுறி: கண் மூடுகிறது, தலை தரையைப் பார்க்கிறது

ஸ்லோ மோஷனில் பார்த்தால் மோதுவதற்கு முன் கண் மூடியிருக்கும், உச்சந்தலை முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். தலை கவிழ்ந்து, கழுத்தும் முதுகும் ஒரே கோடாக நீண்ட நிலையில் உச்சந்தலை மோதினால், அந்த விசை நேராகக் கழுத்தில் உள்ள முதுகெலும்புக்குப் போகும். தலை நிமிர்ந்திருந்தால் கழுத்துக்கு இயல்பான வளைவு இருக்கும், சுற்றியுள்ள தசைகளும் வேலை செய்யும்.

இந்தப் பிழையை நாம் "குனி" என்று சொல்லியே வரவழைக்கிறோம். குனி என்றால் தமிழில் இடுப்பை மடித்துத் தலையைத் தாழ்த்துவதுதானே? பிள்ளை சொன்னதைச் சரியாகத்தான் செய்கிறது. நமக்கு வேண்டியது குனிவது இல்லை, தாழ்வது. "முழங்காலை மடக்கு, நெஞ்சைக் காட்டு" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். நாற்காலியில் பாதி உட்கார்ந்த மாதிரி என்றாலும் உடனே புரிந்துகொள்வார்கள். என் பயிற்சியில் "குனி" என்ற சொல்லையே இப்போது நிறுத்திவிட்டேன்.

கண்ணுக்கு ஒரு எளிய வழி உண்டு. ஓடுகிறவரின் டிரவுசரில், இடுப்புக்குக் கீழே பக்கவாட்டில், ஒரு நிற டேப் ஒட்டுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நிறத்தை மாற்றுங்கள். டேக்கிள் செய்பவர் தோள் படுவதற்கு முன் அந்த நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நிறம் சொல்ல வேண்டுமென்றால் கண் திறந்திருக்க வேண்டும், தலை நிமிர்ந்திருக்க வேண்டும், பார்வை இடுப்பில் இருக்க வேண்டும். நாம் எதுவும் கத்தாமலே மூன்றும் வந்துவிடும். வாய் பேசும்போது மூச்சும் ஓடும். பயத்தில் மூச்சை அடக்கிக்கொள்கிற பிள்ளைகளுக்கு இதுவும் நல்லது.

கழுத்து வலுவாக இருப்பதும் உதவும். வேர்ல்ட் ரக்பி 2017இல் அறிமுகப்படுத்திய 'ஆக்டிவேட்' என்ற வார்ம்-அப் தொகுப்பில் கழுத்துப் பயிற்சிகள் இருக்கின்றன. ஒருவர் கையை நெற்றியிலும் பக்கவாட்டிலும் வைத்து அழுத்த, மற்றவர் தலையை அசைக்காமல் தாங்குவது போன்றவை. வாரத்தில் மூன்று முறை செய்யுங்கள். ஒரு வாரம் செய்துவிட்டு விடுவதில் பயனில்லை.

அறிகுறி: நின்றபடியே மோதுகிறது, கை கழுத்துக்குப் போகிறது

விதியில் இதற்கு இடமே இல்லை. தோள் கோட்டுக்கு மேலே டேக்கிள் செய்வது ஆபத்தான ஆட்டம். கீழே தொடங்கி மேலே வழுக்கிப் போனாலும் அதே குற்றம்தான். சில நாடுகள் இன்னும் கீழே இறக்கியிருக்கின்றன. பிரான்சில் 2019 முதல் அமெச்சூர் ஆட்டத்தில் இடுப்புக்கு மேல் கூடாது. இங்கிலாந்தில் 2023-24 பருவத்திலிருந்து தொழில்முறை அல்லாத ஆட்டங்களில் நெஞ்செலும்பின் கீழ்முனைதான் எல்லை. இந்த மாற்றங்களை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். நின்று மோதும் இருவரின் தலையும் ஒரே உயரத்தில் இருக்கும், மோதிக்கொள்ள வேறு காரணமே வேண்டாம்.

புதியவர்களுக்கு நான் வைத்திருக்கும் எல்லை இன்னும் எளிது. அரைஞாண் கயிறு கட்டும் இடத்துக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே. பெண் பிள்ளைகளிடம் பாவாடை நாடா கட்டும் இடம் என்று சொல்வேன். இந்த இடைவெளியிலும் மேற்பாதியே குறி. முழங்காலை நெருங்க நெருங்க தலை ஓடுகிற காலின் பாதைக்கு வந்துவிடும்.

நின்றபடி மோதுவதற்குக் காரணம் பெரும்பாலும் நேரம் தப்புவதுதான். சிலர் மூன்று மீட்டர் தள்ளியே தாழ்ந்துவிடுகிறார்கள். அந்த நிலையில் நடக்க முடியாமல், மோதும்போது எழுந்துவிடுகிறார்கள். சிலர் தாழவே இல்லை. எப்போது தாழ வேண்டும் என்றால், மோதலுக்கு முந்தைய ஓரடியில். "சின்ன அடி, சின்ன அடி, தாழ்" என்று தாளம் போலச் சொல்லி நடையில் பழக்குங்கள்.

பயிற்சியின் முதல் பாதியில் சரியாகச் செய்த பிள்ளை கடைசிப் பத்து நிமிடத்தில் உயரத் தொடங்கினால், அது நுட்பத்தின் பிழை இல்லை. தொடை களைத்துவிட்டது. அங்கேயே டேக்கிளை நிறுத்திவிட்டு பாஸ் பயிற்சிக்குப் போங்கள்.

ஓடுகிறவரையும் கவனியுங்கள். மோதும் நேரத்தில் அவர் தலையைத் தாழ்த்தி முட்டினால், சரியான உயரத்தில் வந்த டேக்கிள்கூடத் தலையில் முடியும். பந்து வைத்திருப்பவருக்கும் "நெஞ்சைக் காட்டு" பொருந்தும்.

அறிகுறி: எட்டிப் பாய்கிறது, கைதான் படுகிறது, தோள் வலிக்கிறது என்கிறது

மேலோட்டமாகப் பார்த்தால் சோம்பல் மாதிரி தெரியும். உண்மையில் கடைசி ஓரடியைக் காணவில்லை. கால் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறது, உடம்பு நீண்டு கை மட்டும் போகிறது. கை பக்கவாட்டில் விரிந்து பின்னால் இழுபட்டால் தோள் மூட்டு நழுவும் அபாயம் உண்டு. தோள் வலி என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு டேக்கிள் வேண்டாம். அடுத்த முறை கால் எங்கே ஊன்றுகிறது என்று பாருங்கள்.

பிள்ளைகளிடம் நான் சொல்வது: கைக்கு எட்டினால் போதாது, காலுக்கு எட்ட வேண்டும். பயிற்சிக்கு, ஓடுகிறவர் கடக்கும் வழியை ஒட்டி ஒரு சைக்கிள் டயரைத் தரையில் போடுங்கள். டேக்கிள் செய்பவரின் முன்கால் அந்த டயருக்குள் ஊன்றிய பிறகுதான் கை விரியலாம். அதுவரை முழங்கை விலாவை ஒட்டியே இருக்க வேண்டும். நடை வேகத்தில் இருபது முறை செய்தாலே மாற்றம் தெரியும். டயர் கால் தடுக்கும் என்பதால் ஓட்டத்துக்கு மாறும்போது எடுத்துவிட்டு சுண்ணாம்பு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தோளால் இடிக்கிறது, பிடிப்பதே இல்லை

பிடிக்க முயலாமல் இடித்துத் தள்ளுவதும் விதிப்படி குற்றம். ஆள் ஆளை இடித்து வீழ்த்தும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளிடம் இது அதிகம். "பிடித்தபின் மூன்று எண்ணு" என்று சொல்லுங்கள். நடைப் பயிற்சியில், பிடித்து, இறுக்கி, ஒன்று இரண்டு மூன்று சத்தமாக எண்ணி, பிறகு படுக்க வைக்க வேண்டும். இது பழகுவதற்கு மட்டும்தான். ஆட்டத்தில் ஆள் தரைக்கு வந்ததும் விட்டுவிட வேண்டும் என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

பிடித்தும் ஆள் விழவில்லை என்றால் கால் நின்றுவிட்டது என்று பொருள். தோள் பட்ட பிறகு ஐந்து சின்ன அடி. அவ்வளவுதான்.

அறிகுறி: கபடியிலிருந்து வந்த பிள்ளை கணுக்காலைப் பிடிக்கப் போகிறது

சென்னையில் பயிற்சி கொடுக்கிற எனக்கு இது தனிப் பகுதியாகவே எழுத வேண்டிய விஷயம். கபடி ஆடிய பிள்ளைகள் ரக்பிக்கு ஒரு வரம். தாழ்ந்து நிற்கத் தெரியும், எதிராளியின் காலைப் படிக்கத் தெரியும், பிடித்தால் விட மாட்டார்கள், உடம்பு படுவதில் கூச்சம் இல்லை. மற்றவர்களுக்கு இரண்டு மாதம் ஆவது இவர்களுக்கு இரண்டு வாரத்தில் வரும்.

ஆனால் மூன்று பழக்கங்களை மாற்ற வேண்டியிருக்கிறது. காரணத்தைச் சொன்னால் மாற்றிக்கொள்வார்கள். தப்பு என்று மட்டும் சொன்னால் மனம் நோவார்கள், ஏனென்றால் அவர்களுடைய ஆட்டத்தில் அது தப்பே இல்லை.

ஒன்று, கணுக்கால் பிடி. ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். ரைடர் அதில் பாதியில், ஏழு பேருக்கு நடுவே, நிதானமாக அசைகிறார். அந்த வேகத்தில் உட்கார்ந்து கணுக்காலைப் பற்றலாம். ரக்பியில் ஆள் இருபது, முப்பது மீட்டர் ஓடி முழு வேகத்தில் வருகிறார், காலில் ஸ்டட் வைத்த, அதாவது அடியில் முளைகள் உள்ள, ஷூ. கணுக்காலுக்குப் போகிற முகம் அந்த ஷூவுக்கும் முழங்காலுக்கும் நடுவே போகிறது. "தொடைப் பிடி மாதிரி, ஆனால் தோளோடு" என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டு, தூக்குவது. கபடியில் ரைடரை அலாக்காகத் தூக்கி உள்ளே கொண்டுபோனால் கைதட்டு விழும். ரக்பியில் ஒருவரைத் தரையிலிருந்து தூக்கி, தலையோ தோளோ முதலில் படும்படி போடுவது மிகக் கடுமையான குற்றம், சிவப்பு அட்டைக்குரியது. ஒரு கால் மட்டும் பிடிபட்டு மேலே போனாலும் ஆள் தலைகீழாகப் புரளலாம். தூக்கிவிட்டால் மெதுவாக இறக்குவது தூக்கியவரின் பொறுப்பு என்று சொல்லிக் கொடுங்கள்.

மூன்று, சங்கிலி. கபடியில் கைகோத்து இருவர் ஒரே நேரத்தில் பாய்வார்கள். ரக்பியில் இருவர் ஒரே உயரத்தில் ஒரே ஆளை நோக்கிப் பாய்ந்தால் அவர்களுடைய தலைகளே மோதிக்கொள்ளும். புதியவர்களுக்கு முதல் பருவம் முழுக்க ஒருவருக்கு ஒருவர் டேக்கிள் மட்டும் போதும். இருவர் போகிற சூழல் வந்தால், முதலில் "எனது" என்று குரல் கொடுத்தவர் போக வேண்டும், மற்றவர் பந்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

அறிகுறி: டேக்கிள் சரி, ஆனால் விழுந்தவருக்கு அடிபடுகிறது

விழக் கற்றுக்கொடுக்காமல் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். புதியவர் விழும்போது கையைத் தரையில் ஊன்றுவார். மணிக்கட்டோ காறை எலும்போ வாங்கிக்கொள்ளும். முழங்கால், இடுப்பு, தோள் என்ற வரிசையில் தரையைத் தொட வேண்டும். முகவாய் நெஞ்சை ஒட்டியிருக்க வேண்டும், பந்தை இரு கையாலும் அணைத்திருக்க வேண்டும். பந்தை அணைத்தாலே கை தரைக்குப் போகாது. முழங்காலில் நின்றபடி பக்கவாட்டில் சாய்ந்து விழுவதை முதல் இரண்டு வகுப்புகளிலேயே முடித்துவிடுங்கள், டேக்கிளுக்கு முன்பே.

தரையும் ஒரு காரணம். நம் ஊரில் மே மாதத்து மண் மைதானம் சிமெண்டு போல இருக்கும். அந்த மாதங்களில் நான் டேக்கிளைக் கடற்கரை மணலுக்கு மாற்றிவிடுவேன். மணல் காலை இழுக்கும், வேகம் குறையும், விழுந்தாலும் வலிக்காது. தொடங்குவதற்கு முன் எல்லோரும் வரிசையாக நடந்து கண்ணாடித் துண்டு, கிளிஞ்சல் பொறுக்க வேண்டும். கடற்கரை இல்லாத ஊரில் முந்தின நாள் மாலை தண்ணீர் பாய்ச்சிய மூலையோ, ஜூடோ மேட்டோ போதும். இரண்டும் இல்லையென்றால் முழங்கால் நிலையைத் தாண்ட வேண்டாம், மழை வரட்டும்.

அறிகுறி: கடைசி அடியில் நின்றுவிடுகிறது

"தைரியம் இல்லை" என்று இதற்குப் பெயர் வைத்துவிடுவோம். அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். முழு வேகத்தில் வருகிற ஓர் உடம்புக்கு முன்னால் நிற்கத் தயங்குவது, தலை எங்கே போக வேண்டும் என்று இன்னும் உறுதியாகத் தெரியாத பிள்ளைக்கு இயல்பான அறிவு. அந்தப் பிள்ளையை "போ, இடி" என்று விரட்டினால் கண்ணை மூடிக்கொண்டு பாயும். மேலே சொன்ன எல்லாப் பிழைகளும் ஒரே டேக்கிளில் வந்துவிடும்.

இங்கே பார்க்க வேண்டியது ஜோடி. எடை, உயரம், அனுபவம் மூன்றும் ஓரளவு ஒத்த இருவரைச் சேருங்கள். வயது மட்டும் போதாது. பதின்மூன்று வயதில் ஒருவன் 35 கிலோ இருப்பான், பக்கத்தில் நிற்பவன் 60 கிலோ இருப்பான். உறுதியாக்குகிறேன் என்று சிறிய பிள்ளையைப் பெரிய பிள்ளைக்கு எதிரே நிறுத்தும் பழக்கம் எங்கே இருந்தாலும் அதை நிறுத்த வேண்டும். அடுத்து, வேகத்தை டேக்கிள் செய்பவர் கையில் கொடுங்கள். "நடை", "மெல்ல", "ஓடு" என்று அவர்தான் ஓடுகிறவருக்குச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கும் வட்டமும் வேண்டாம். எல்லா ஜோடிகளும் ஒரே நேரத்தில் தனித்தனியாகச் செய்யட்டும்.

ஒரு கல்லூரி மாணவி ஆறு வாரம் "நடை" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவளுடைய தோழிகள் ஓட்டத்துக்குப் போய்விட்டார்கள். அவள் நடையிலேயே இரண்டு பக்கமும், டேப்பின் நிறத்தைச் சொல்லி, கன்னத்தைப் பின்னால் ஒட்டி, ஒன்றுகூடத் தப்பாமல் செய்துகொண்டிருந்தாள். ஏழாவது வாரம் ஒரு சனிக்கிழமை காலை எதிரே நின்றவளிடம் "ஓடு" என்றாள். மணலில் இருவரும் விழுந்து எழுந்தார்கள். "கோச், பச்சை டேப்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். கண் திறந்திருந்தது.